பழைய லெப்டொப்புக்கு எஸ்எஸ்டி: சாம்சங் 870 எவோ, கிங்ஸ்டன் ஏ400, மலையகத்துக் கரண்ட்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை கடைகளில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கென்று விற்கப்படும் லெப்டொப்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு அலுவலகங்களில் உழைத்துக் களைத்து வந்தவை. நான்காம் தலைமுறையிலிருந்து ஆறாம் தலைமுறை வரையான இன்டெல் ஐ5 புரொசஸர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். சுவிட்சைப் போட்டுவிட்டுத் தேநீர் ஊற்றிக் குடித்து முடித்தாலும் திரை முழுதாக வந்திருக்காது. குற்றம் புரொசஸரில் இல்லை. அது இன்னும் பத்து வருடத்துக்கு ஓடும். மெதுவானது ஹார்ட் டிஸ்க்தான். அதைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் தகடு இல்லாமல் சில்லுகளிலேயே தரவை வைக்கும் சேமிப்பகம்) போடுவதே இந்த வகை லெப்டொப்புக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய உபகாரம். சந்தையில் அதிகம் அகப்படும் இரண்டை இங்கே பார்க்கிறோம்: சாம்சங் 870 எவோ 250 ஜிபி, கிங்ஸ்டன் ஏ400 240 ஜிபி. இரண்டும் 2.5 அங்குலம், இரண்டும் சாட்டா, அதாவது பழைய ஹார்ட் டிஸ்க் பூட்டியிருக்கும் அதே இணைப்பில் பொருந்துபவை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெட்டரி உயிரோடு இருக்கும் மாணவர் லெப்டொப்புக்கு ஏ400 போதும். கணக்கு வழக்கு, சங்கப் பதிவேடு, போட்டோக்கொப்பிக் கடையின் வேலை என்று காலையிலிருந்து மாலை வரை ஓடும் கணினிக்கு 870 எவோ. பெட்டரி செத்து, சார்ஜர் வயரிலேயே உயிர் வாழும் லெப்டொப்புக்கு இரண்டும் வேண்டாம். அந்தக் காசில் முதலில் பெட்டரி வாங்குங்கள். ஏன் என்பதற்கு விடை பௌதிகவியலில் இருக்கிறது. பெட்டியில் அச்சடித்திருக்கும் ஒவ்வோர் இலக்கத்துக்கும் பின்னால் ஏதோவோர் ஆய்வுகூடத்தின் பழைய வேலை நிற்கிறது. அதை அறிந்தால் எந்த இலக்கத்தை நம்பலாம், எதைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்பது தானாகத் தெரியும்.

பெட்டியில் பெரிதாக இருப்பது வேகம். 870 எவோவில் வினாடிக்கு 560 எம்பி வாசிப்பு, 530 எம்பி எழுத்து. ஏ400இல் 500, 350. கடைக்காரர் விரல் வைத்துக் காட்டுவதும் இதைத்தான். உண்மையில் ஆகக் குறைந்த முக்கியத்துவம் உள்ள இலக்கம் இது. சாட்டா இணைப்பின் வேகம் வினாடிக்கு 6 கிகாபிட். அதில் ஒவ்வொரு 8 பிட்டுக்கும் 10 பிட் அனுப்பப்படுவதால் 600 எம்பிக்கு மேல் எந்த எஸ்எஸ்டியாலும் போக முடியாது. வாசிப்பில் இரண்டும் அந்தக் கூரையில் தலை முட்டி நிற்கின்றன. பழைய 3 கிகாபிட் இணைப்புள்ள லெப்டொப்பில் இரண்டுமே 300க்குள் அடங்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியது வேறொன்றை. 5400 சுற்று ஹார்ட் டிஸ்க் வினாடிக்கு 90 தடவை சுற்றுகிறது. வேண்டிய தரவு தலைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.5 மில்லிசெக்கன். தலை வலமும் இடமும் நகர்ந்து சரியான தடத்தைப் பிடிக்க இன்னொரு 12 மில்லிசெக்கன் அளவு. கூட்டினால் ஒரு சிறு கோப்பைத் தொட 17 அல்லது 18 மில்லிசெக்கன். வினாடிக்கு 60 தடவைகூடத் தேறாது. விண்டோஸ் எழும்பும்போது இப்படி ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைத் தேடுகிறது. எஸ்எஸ்டியில் நகர எதுவும் இல்லை. ஒரு துண்டை எடுக்க 0.1 மில்லிசெக்கன் அளவே போதும். மலிவான ஏ400கூட இந்த இடத்தில் ஹார்ட் டிஸ்க்கை நூறு மடங்குக்கு மேல் முந்துகிறது. 870 எவோவுக்கும் ஏ400க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைச் சாதாரணப் பாவனையில் கண்ணால் பிடிப்பது கஷ்டம்.

இதற்காக ஹார்ட் டிஸ்க்கைத் தாழ்த்திப் பேச வேண்டியதில்லை. பௌதிகவியலின் அருமையான பொருட்களில் அது ஒன்று. 1988இல் பிரான்ஸில் அல்பேர் ஃபேர்ட்டும் ஜெர்மனியில் பீற்றர் குருன்பேர்க்கும் தனித்தனியாக ஒரே விடயத்தைக் கண்டார்கள். இரும்பையும் குரோமியத்தையும் சில அணு தடிப்பில் மாறிமாறி அடுக்கினால், சிறிய காந்தப்புலம் பட்டாலே அதன் மின்தடை எதிர்பாராத அளவுக்கு மாறுகிறது. இராட்சத காந்தத்தடை என்று அதற்குப் பெயர். ஒன்பது வருடத்துக்குள், 1997இல், ஐபிஎம் அதை ஹார்ட் டிஸ்க் வாசிப்புத் தலையாக்கிச் சந்தைக்கு விட்டது. அதன்பின்தான் டிஸ்க்கின் கொள்ளளவு தாவியது. இருவருக்கும் 2007இல் நோபல் பரிசு. நீங்கள் கழற்றப்போகும் அந்த 500 ஜிபி டிஸ்க் இந்தப் பரம்பரையில் வந்தது.

மலைநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று இருக்கிறது: உயரம் ஹார்ட் டிஸ்க்கைக் கெடுக்குமா? கேள்வி வேடிக்கையானதல்ல. வாசிப்புத் தலை தகட்டைத் தொடுவதில்லை. தகடு சுற்றும்போது கூடவே இழுபடும் காற்றின் மீது, ஒருசில நனோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. உறையில் வடிகட்டி பொருத்திய சிறு துவாரம் இருப்பதால் உள்ளே இருப்பதும் வெளிக்காற்றே. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றமுக்கம் சுமார் 81 கிலோபஸ்கால், கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தலையைத் தாங்கும் காற்று மெலிந்தால் அது சற்றுத் தாழப் பறக்கும். ஆனால் பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகள் 3,000 மீட்டர் வரை இயங்கத் தயாரிக்கப்பட்டவை. பிதுருதலாகல உச்சிக்கே கொண்டுபோனாலும் 2,524 மீட்டர்தான். ஆகவே உயரம் காரணமல்ல. இங்கே டிஸ்க்குகள் சாவது லெப்டொப்பை ஸ்லீப்பில் போட்டுப் பையில் வைத்து, றம்பொடை வளைவுகளில் பஸ்ஸில் குலுக்கிக் கொண்டுபோவதால். சில லெப்டொப்கள் பைக்குள்ளேயே விழித்துக்கொள்ளும். டிஸ்க் சுற்றத் தொடங்கும். மிச்சத்தைப் பஸ் பார்த்துக்கொள்ளும். எஸ்எஸ்டிக்கு இந்தக் கவலை இல்லை.

விசிறிக் காற்று விடயத்திலும் இதே கணக்குத்தான். நுவரெலியாக் காற்று கொழும்புக் காற்றைவிட ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்தது. அதனால் புரொசஸரைக் குளிராக்கும் வலுவும் குறைவு. ஆனால் காற்றே கொழும்பைவிடச் சுமார் 12 பாகை குளிர்ச்சியாக இருப்பதால் இரண்டும் ஈடாகிவிடுகின்றன. இங்கே லெப்டொப் சூடேறுகிறதென்றால் விசிறியில் தூசி அல்லது காய்ந்துபோன தேர்மல் பேஸ்ட் (வெப்பம் கடத்தும் பசை). கம்பளியின் மேல் வைத்துப் படிப்பதும் ஒரு காரணம். குளிர்காலத்தில் அதுதான் முதற்காரணம்.

இனி எஸ்எஸ்டிக்குள் போகலாம். 1928இல் ரால்ஃப் ஃபௌலரும் லோதர் நோர்ட்ஹைமும் ஒரு விடயத்தை விளக்கினார்கள். உலோகத்தைச் சூடாக்காமலே, பலமான மின்புலத்தால் மட்டும், இலத்திரன்கள் அதிலிருந்து எப்படி வெளியே வருகின்றன என்பது. தடையைத் தாண்டிக் குதிக்கப் போதிய சக்தி இல்லாத இலத்திரன், தடைக்குள்ளாலேயே ஊடுருவி மறுபக்கம் தோன்றுகிறது. குவாண்டம் ஊடுருவல். அப்போது கணினி என்ற இயந்திரமே இல்லை. (சுப்பிரமணியன் சந்திரசேகருக்குக் கேம்பிரிட்ஜில் ஆய்வு வழிகாட்டியாக இருந்த அதே ஃபௌலர்தான்.) 1967இல் பெல் ஆய்வுகூடத்தில் டாவோன் காங், சைமன் சே இருவரும் ட்ரான்சிஸ்டருக்குள் காவலிப் படைகளால் முழுவதும் சூழப்பட்ட ஒரு மிதக்கும் கேட்டை (வெளியே எதனோடும் இணையாத மின்வாயை) வைத்தார்கள். அதற்குள் ஊடுருவிப் போன இலத்திரன் கரண்ட் போன பிறகும் அங்கேயே இருக்கும். 1980களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோக்கா அதை ஃப்ளாஷ் நினைவகமாக்கினார்; இன்றைய எஸ்எஸ்டிகளின் நான்ட் அமைப்பு 1987இல் வெளியிடப்பட்டது. 870 எவோ போன்ற முப்பரிமாண அடுக்குச் சில்லுகளில் மிதக்கும் கேட்டுக்குப் பதிலாக, இலத்திரனைப் பிடித்து வைக்கும் சிலிக்கன் நைத்திரைட்டுப் படை இருக்கிறது. அடிப்படை அதே ஊடுருவல்தான்.

இதிலிருந்து நேரே மூன்று விளைவுகள் வருகின்றன.

முதலாவது தேய்மானம். எழுதும்போதும் அழிக்கும்போதும் சில நனோமீட்டர் தடிப்பான ஒட்சைட்டுப் படைக்குக் குறுக்கே, சென்ரிமீட்டருக்கு ஒரு கோடி வோல்ட் என்ற அளவில் மின்புலம் போடப்படுகிறது. லெப்டொப் தருவது 5 வோல்ட். சில்லுக்குள் இருக்கும் சிறு சுற்று அதை 20 வோல்ட் வரை உயர்த்துகிறது. ஒவ்வொரு தடவையும் ஒட்சைட்டில் சிறுசிறு பழுதுகள் சேர்கின்றன. நாளடைவில் இலத்திரன் கசியத் தொடங்கும். பெட்டியில் டிபிடபிள்யூ என்று இருப்பது இதற்குத்தான்: எத்தனை டெராபைட் எழுதும் வரை கம்பனி பொறுப்பு. ஏ400 240 ஜிபிக்கு 80, உத்தரவாதம் 3 வருடம். 870 எவோ 250 ஜிபிக்கு 150, உத்தரவாதம் 5 வருடம். பார்க்கப் பெரிய வித்தியாசம். நாள் கணக்குக்குக் கொண்டுவந்தால் ஏ400இல் நாளொன்றுக்கு 73 ஜிபி, 870 எவோவில் 82 ஜிபி. பாடக் குறிப்பு, சூம் வகுப்பு, யூடியூப் என்று ஓடும் லெப்டொப் ஒரு நாளில் இதில் சிறு பங்கைக்கூட எழுதாது. “எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும்” என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு விதிவிலக்கு உண்டு: 4 ஜிபி ராமில் பிரௌசரில் இருபது பக்கம் திறந்து வைத்தால் ராம் நிரம்பி, எஸ்எஸ்டியை ராம் மாதிரி எழுதி எழுதி அழிக்கும். 8 ஜிபியாக்குவது எஸ்எஸ்டிக்கும் நல்லது. நான்காம், ஐந்தாம் தலைமுறை லெப்டொப்புக்கு டிடிஆர்3எல், 1.35 வோல்ட் ராம்தான் வேண்டும், 1.5 வோல்ட் பழைய டிடிஆர்3ஐப் போட்டால் பெரும்பாலும் எழும்பாது.

இரண்டாவது மறதி. ஒரு கலத்தில் (இலத்திரனைப் பிடித்து வைக்கும் ஒரு தனி அறையில்) 3 பிட் வைக்க வேண்டுமானால் எட்டு வெவ்வேறு மின்னேற்ற மட்டங்களைப் பிரித்தறிய வேண்டும். கலத்திலிருப்பது நூற்றுக்கணக்கில் எண்ணக்கூடிய இலத்திரன்கள். கொஞ்சம் கசிந்தாலும் ஒரு மட்டம் அடுத்ததாகத் தெரியும். ராபர்ட் கலாகர் 1960களின் தொடக்கத்தில் வகுத்த பிழைதிருத்தக் குறியீடு இன்றைய எஸ்எஸ்டிகளில் இந்தத் தவறுகளை ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கிறது. ஆனால் கரண்ட் கொடுக்காமல் அலுமாரியில் கிடந்தால் திருத்த யாரும் இல்லை. தொழிற்துறைத் தரநிலையின்படி, டிபிடபிள்யூ அளவு முழுவதும் எழுதித் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி, 30 பாகையில் கரண்ட் இல்லாமல் ஒரு வருடம் தரவைப் பிடித்து வைத்தால் போதும். புதியது இதைவிட எவ்வளவோ நீண்ட காலம் தாங்கும். கசிவு வெப்பநிலையோடு மடங்கு மடங்காக ஏறுவது. அதே தரநிலையில் வரும் 1.1 இலத்திரன்வோல்ட் என்ற சக்தியை வைத்துக் கணக்கிட்டால், 18 பாகையில் கிடக்கும் எஸ்எஸ்டி 30 பாகையில் கிடப்பதைவிட ஐந்து மடங்குக்கு மேல் நினைவு வைத்திருக்கும். நானுஓயா அலுமாரி மட்டக்களப்பு அலுமாரியைவிட நல்லது என்று அர்த்தம். அதற்காக மகளின் பரீட்சைப் புகைப்படங்களை எஸ்எஸ்டியில் போட்டுப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள்.

மூன்றாவதுதான் மலையகத்துக்கு முக்கியமானது: திடீரென்று கரண்ட் போவது. ஹார்ட் டிஸ்க்கில் கரண்ட் போனால், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் தகட்டின் மோட்டாரே சிறு ஜெனரேட்டராக மாறி, தலையை இழுத்துப் பத்திரமான இடத்தில் நிறுத்தக் கரண்ட் கொடுக்கிறது. அழகான ஏற்பாடு. இந்த இரண்டு எஸ்எஸ்டிகளிலும் அப்படி எதுவும் இல்லை. எந்தத் தரவு எந்தக் கலத்தில் என்ற அட்டவணையை எஸ்எஸ்டி எந்நேரமும் மாற்றி எழுதிக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் தேய்மானத்தைச் சமமாக்கத் தரவை அது ஓயாமல் இடம் மாற்ற வேண்டும். கலத்தில் எழுதுவதும் ஒரே அடியில் முடிவதில்லை. படிப்படியாக மின்னேற்றி, அளந்து, மறுபடி ஏற்றி முடிக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால், அப்போது எழுதியது மட்டுமல்ல, அதே கலத்தில் முன்பே இருந்த பிட்டும் கெடலாம். சேர்வர்களுக்கான எஸ்எஸ்டிகளில் கொள்ளளவி வரிசை ஒன்று இருக்கும். கரண்ட் போனதும் வேலையை முடிக்கப் போதிய மின்னேற்றத்தை அது வைத்திருக்கும். விலையும் அதற்கேற்ப இருக்கும்.

870 எவோவில் அட்டவணையை வைக்க 512 எம்பி டிராம் (வேகமான தற்காலிக நினைவகம்) இருக்கிறது. ஏ400இல் டிராம் இல்லை. அட்டவணையின் சிறு பகுதியை மட்டும் கொன்ட்ரோலருக்குள் வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஒவ்வொரு தடவையும் ஃப்ளாஷிலிருந்தே எடுக்கிறது. சாட்டாவைவிட வேகமான இணைப்பில் ஓடும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில் கணினியின் ராமிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கும் வசதி உண்டு. சாட்டாவில் அதுவும் கிடையாது. ஆகவே பெரிய கோப்புகளைப் பிரதியெடுக்கும்போதும், பல வேலை ஒன்றாக ஓடும்போதும் ஏ400 திணறும். போட்டோக்கொப்பிக் கடையில் இரண்டு பென் டிரைவ், ஸ்கேனர், பிரிண்டர் எல்லாம் சேர்ந்து ஓடும்போது இது தெரியும். வீட்டில் ஒரு பிள்ளை பிடிஎஃப் பார்க்கும்போது தெரியாது. இதுதான் இரண்டுக்கும் உண்மையான வித்தியாசம். 560, 500 அல்ல. டிராம் இருப்பதால் 870 எவோ மின்வெட்டுக்குத் தப்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். டிராமும் கரண்ட் போனால் மறந்துவிடும்.

லெப்டொப்பில் இதற்கு மருந்து பெட்டரிதான். பழைய லெப்டொப்பின் பெட்டரியைப் பார்க்க ஒரு வழி: முழுதாகச் சார்ஜ் செய்து, சார்ஜரைக் கழற்றி, ஒரு வீடியோவை ஓடவிடுங்கள். பதினைந்து நிமிடம் தாங்கினால் மின்வெட்டுக்குப் போதும். விண்டோஸ் தானாக மூடிக்கொள்ளும். மேசைக் கணினிக்கு 650 விஏ யூபிஎஸ் கட்டாயம். அதன் 12 வோல்ட் பெட்டரி இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும். யூபிஎஸ் பச்சை விளக்குக் காட்டுவது பெட்டரி நன்றாக இருப்பதற்குச் சாட்சி அல்ல. மாதத்துக்கொரு தடவை பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கினால் யூபிஎஸ்ஸையும் நம்பாமல் பிளக்கையே கழற்றுங்கள். செப்புக் கம்பியில் வரும் தொலைபேசி இணைப்பையும் ரவுட்டரிலிருந்து கழற்ற வேண்டும். ஃபைபர் இழை கண்ணாடி, மின்னலைக் கடத்தாது. ஆனால் அதன் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் அடெப்டர் கடத்தும்.

லயன் வீடுகளில் பல இடங்களில் பிளக்கில் ஏர்த் கிடையாது. இரும்பு உறையுள்ள கணினியைத் தொட்டால் கை சுள்ளென்கிறதா? மின்வழங்கிக்குள் இரைச்சலை வடிகட்டும் கொள்ளளவிகள் உறையை 230 வோல்ட்டின் பாதிக்குக் கொண்டுவந்து வைத்திருக்கின்றன என்று பொருள். ஓட்டம் மிகச் சிறியது, ஆளைக் கொல்லாது. ஆனால் எஸ்எஸ்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த உறையைத் தொட்டால் சில்லுக்குச் சேதம் வரலாம். பிளக்கைக் கழற்றிய பிறகே உறையைத் திறக்க வேண்டும். சரியான தீர்வு ஏர்த் போடுவது; அது மின்தொழிலாளி செய்ய வேண்டிய வேலை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. எம்.2 பள்ளம் (சிறு அட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம்) உள்ள லெப்டொப்பானால் 2.5 அங்குல டிஸ்க்கை விட்டுவிட்டு அதற்கேற்றதைத் தேடுங்கள். பள்ளம் சாட்டா மட்டும் ஏற்கிறதா, என்விஎம்இயும் ஏற்கிறதா என்று மொடல் இலக்கத்தை வைத்துப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும். 240 ஜிபி என்பது விண்டோஸில் 223 என்றும், 250 என்பது 232 என்றும் தெரியும். ஏமாற்று அல்ல, ஒன்று ஆயிரத்தால் பிரிக்கிறது, மற்றது 1,024ஆல். போலிகளும் உலவுகின்றன. சாம்சங்குக்கு மெஜிஷியன், கிங்ஸ்டனுக்கு எஸ்எஸ்டி மனேஜர் என்ற அவரவர் மென்பொருளில் பெயரும் தொடர் இலக்கமும் சரியாக வருகிறதா பாருங்கள். அதற்கும் மேலாக, எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்க்கையும் ஒரு தடவை எழுதி வாசித்துப் பாருங்கள். போலியில் சொன்ன கொள்ளளவு இருக்காது. எழுதியது திரும்பி வராது. இப்படி எழுதுவது ஏ400இன் 80 டெராபைட்டில் 0.3 வீதம்தான். உத்தரவாதத்தை யார் ஏற்பார்கள், கடையா இறக்குமதியாளரா, எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். விலை டாலரோடு ஆடுவதால் இங்கே எழுதிப் பயனில்லை.

பூட்டுவது கடினமல்ல. முதலில் பழைய டிஸ்க்கை, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் பாருங்கள். 05, சி5 என்ற வரிகளில் பூச்சியம் இல்லாவிட்டால் டிஸ்க்கில் பழுது தொடங்கிவிட்டது. அப்படியானால் அப்படியே பிரதியெடுக்க முயலாமல், முக்கியமான கோப்புகளை மட்டும் முதலில் வெளியே எடுத்துவிட்டு எஸ்எஸ்டியில் புதிதாக விண்டோஸோ, இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டோ போடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. இந்த லெப்டொப்களுக்கு மின்ட் தான் எங்கள் தெரிவு.

டிஸ்க் நல்லதாக இருந்தால் பிரதியெடுக்கலாம். அதற்கு யூஎஸ்பி 3 சாட்டா வயர் ஒன்று வேண்டும். எஸ்எஸ்டி பழைய டிஸ்க்கைவிடச் சிறியது என்பதால் குளோன்சில்லா மாதிரி மென்பொருள்கள் மறுத்துவிடும்; முன்பே பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியை) சுருக்க வேண்டும். சாம்சங்கின் டேட்டா மைக்ரேஷன் தானே சுருக்கிக்கொள்ளும், ஆனால் சாம்சங் டிஸ்க்குக்கு மட்டும். தொடங்குமுன் விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லொக்கரையும், அதை வேகமாக எழுப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் நிறுத்துங்கள். பாதியில் நின்றுபோகும் பிரதிகளில் பல இவை இரண்டாலும்தான். சார்ஜர் செருகியிருக்கட்டும், இடி மழை நேரம் வேண்டாம்.

பிறகு லெப்டொப்பை முழுதாக நிறுத்தி, சார்ஜரையும் பெட்டரியையும் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டரி உள்ளே இருக்கும் லெப்டொப்பில் அதன் சிறு கனெக்டரைக் கழற்ற வேண்டும். சிலவற்றில் பயோஸிலேயே (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையிலேயே) பெட்டரியை நிறுத்தும் வசதி உண்டு. பழைய டிஸ்க்கைத் தட்டிலிருந்து எடுத்து, அதே நான்கு ஆணிகளால் எஸ்எஸ்டியை மாட்டுங்கள். எஸ்எஸ்டியின் தடிப்பு 7 மில்லிமீட்டர். பழைய டிஸ்க் 9.5 ஆக இருந்தால் எஸ்எஸ்டி தளர்ந்து ஆடும், கனெக்டரில் தொடுகை விட்டுவிட்டு வரும். 2.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் சட்டம் வைத்துச் சரிக்கட்டலாம். பயோஸில் சாட்டா முறை ஏஹெச்சிஐ ஆக இருக்க வேண்டும். ஐடிஇ முறையில் போட்டிருந்த விண்டோஸைப் பிரதியெடுத்துவிட்டுச் சும்மா மாற்றினால் நீலத்திரை வரும். அதற்குமுன் எம்எஸ்கொன்ஃபிக்கில் சேஃப் பூட்டைத் தெரிவுசெய்து, மறுபடி தொடங்கும்போது பயோஸில் மாற்றி, ஒரு தடவை சேஃப் மோடில் எழுப்பி, பிறகு அந்தத் தெரிவை எடுத்துவிட்டால் சரியாகும். கடைசியாக விண்டோஸின் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் பக்கத்தில் டிஸ்க்கை சொலிட் ஸ்டேட் என்று இனங்கண்டிருக்கிறதா பாருங்கள். ஹார்ட் டிஸ்க் என்று காட்டினால், அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்கு அறிவிக்கும் டிரிம் கட்டளை போகாது. சில மாதங்களில் எழுதும் வேகம் படுத்துவிடும். டிஸ்க்கில் பத்தில் ஒரு பங்கையாவது எப்போதும் காலியாக விடுங்கள்.

ஈரலிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரவு முழுவதும் 12 பாகையில் கிடந்த லெப்டொப்பை விடிகாலையில் கண்டிக்கோ கொழும்புக்கோ கொண்டுபோய் உடனே திறந்தால், அங்குள்ள காற்றின் பனிபடுநிலை 20 பாகைக்கு மேல் இருப்பதால் உள்ளே நீர் படியும். பையை மூடியபடி ஒரு மணித்தியாலம் விட்டு வைத்த பிறகு திறப்பது நல்லது. கீழிருந்து மேலே வரும்போது இந்தப் பிரச்சினை இல்லை. நீண்ட கால ஈரம் காட்டுவது கனெக்டர்களில்: தொடுமுனை மங்கி, தரவு பிழையாகப் போய்த் திரும்ப அனுப்பப்படும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் சி7 என்ற வரி, இப்படிப் பிழையாய்ப் போனதை எண்ணும் சிஆர்சி பிழை, மாதம் மாதம் ஏறினால் எஸ்எஸ்டியைக் குறை சொல்லி மாற்ற ஓடாதீர்கள். கனெக்டரை ஐசோபுரொப்பில் மதுசாரத்தால் துடைத்து, காயவிட்டு, மறுபடி செருகுங்கள்.

மின்வெட்டுக்குப் பிறகு எஸ்எஸ்டியே காணாமல் போனால் உடனே செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அட்டவணையை மறுபடி கட்டியெழுப்ப அதற்கு நேரம் வேண்டியிருக்கலாம். லெப்டொப்பை பயோஸ் திரையில் நிறுத்தி 20 நிமிடம் அப்படியே விடுங்கள். நிறுத்தி அரை நிமிடம் பொறுத்து, இன்னொரு 20 நிமிடம். சில எஸ்எஸ்டிகள் இப்படித் திரும்பி வருகின்றன. வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, கோப்புகளை வெளியே எடுப்பது. இப்படி ஒரு தடவை வந்த டிஸ்க்கைக் கணக்கு வழக்குக்கு மறுபடி நம்பக் கூடாது.

கழற்றிய 500 ஜிபி டிஸ்க்கை விற்றுவிடாதீர்கள். 05, சி5 வரிகள் பூச்சியமாக இருந்தால் 9.5 மில்லிமீட்டர் ஏற்கும் யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டு, மாதத்துக்கொரு தடவை கோப்புகளைப் பிரதியெடுத்து, கழற்றி வேறு அறையில் வையுங்கள். காந்தத்தில் எழுதியது கரண்ட் இல்லாமல் பல வருடம் இருக்கும். வயரைப் பிடுங்குமுன் திரையில் இஜெக்ட் கொடுத்து, தகடு நிற்கும் சத்தம் கேட்டபிறகு கையில் எடுங்கள்.